ஓராண்டின் நான்கு இசைத்தட்டுகள்

ஆண்டு முடிவில் வணிகர் தம் வரவு செலவைச் சரிபார்ப்பர். உழவர் களத்து நெல்லை அளந்து பார்ப்பர். இசையில் ஈடுபாடுடைய அன்பர்க்கும் இத்தகைய கணக்கு ஒன்று உண்டு. அவ்வாண்டில் வெளிவந்த இசைத்தட்டுகளுள் நெஞ்சில் நின்றவை எவை, முதலிடம் பெறத் தக்கது எது என்று எண்ணி வரிசைப்படுத்துவதில் அவர்க்கு உண்டாகும் இன்பம் தனி இன்பமே. அத்தகைய கணக்கு ஒன்றையே இங்கு நாம் பார்க்கப் புகுகிறோம். நாம் எடுத்துக்கொண்ட ஆண்டு 1967. நீண்ட நேர இசைத்தட்டின் வாயிலாக இந்திய இசை கடல் கடந்து பெரிதும் ஒலித்த ஆண்டு அது. அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்துவிட்டமையால், அன்றைய ஆரவாரம் அடங்கிவிட்டது. நின்றது எது, உதிர்ந்தது எது என்று அமைதியாகத் தெளிவது இன்று எளிதாயிற்று.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இக்கணக்கில் தனி அக்கறை உண்டு. ஊரை விட்டுப் புறப்படுவோர் உடன் கொண்டு செல்லக் கூடியவற்றுள் இசையும் ஒன்று. 1963-ல் வெளிவந்த திருமதி எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டு, டில்லியிலும் மும்பையிலும் எத்தனையோ தமிழ் இல்லங்களின் விடியற்காலையைச் சொந்த ஊரின் விடியற்காலையாகவே ஆக்கிற்று. ஆனால் அடுத்த வீட்டில் ஒலிப்பது வேறு இசை. அதற்குச் செவி சாய்த்தால் நம் இசை நம்மை விட்டு நழுவிவிடுமோ, நம் குழந்தைகள் இரண்டிலும் கால் ஊன்றாமல் நின்றுவிடுவரோ என்னும் கவலை பெற்றோர் பலர்க்கு உண்டு. கவலை நியாயமானதே. அதற்கு 1967-ஆம் ஆண்டின் இசைத்தட்டுகள் நான்கு வகையாக விடை கூறுகின்றன. அவ்விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் இசைத்தட்டின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம். நம் நாட்டில் ஒலிப்பதிவு 1902-ல் கல்கத்தாவில் தொடங்கிற்று. கோஹர் ஜான் என்னும் பாடகி அன்று பாடினார். பாட்டின் முடிவில் தம் பெயரையும் தாமே அறிவித்தார். நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற அக்காலத் தட்டு, அரக்கு கலந்து செய்யப்பட்டது. எளிதில் உடையும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிட இசை அடங்கும். பெரிய தட்டாயின் நான்கரை நிமிடம். பல்லவி, அனுபல்லவி, சரணம் மூன்றையும் இவ்வளவில் அடக்க வேண்டுமெனின், ஆலாபனைக்கும் சுரப் பிரஸ்தாரத்திற்கும் இடம் ஏது? வித்வான்கள் கடலைச் சிமிழில் அடைப்பது போல் பாடினர். அவ்வளவிலும் அழகு செய்தவர்கள் உண்டு. எனினும் இராகத்தின் விரிவு தட்டுக்கு வெளியிலேயே நின்றது.

1948-ல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் வினைல் என்னும் பொருளால் செய்த நீண்ட நேர இசைத்தட்டை வெளியிட்டது. அதன் தடங்கள் மிக நுண்ணியவை. சுழற்சியோ நிமிடத்திற்கு 33⅓ முறை மட்டுமே. தடம் நெருங்கி, வேகமும் குறைந்ததால், 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்கு மேற்பட்ட இசையைப் பதிய முடிந்தது. 1955-ல் உஸ்தாத் அலி அக்பர் கான் நியூயார்க்கில் சரோத் வாசித்து, இந்தியச் சாஸ்திரிய இசையின் முதல் நீண்ட நேர இசைத்தட்டை அளித்தார். அதில் முன்னுரை கூறியவர் வயலின் மேதை யெஹுதி மெனுஹின். பின்னர் நம் நாட்டிலேயே இத்தகைய தட்டுகள் உருவாயின. கொல்கத்தாவை அடுத்த டம்டமில் கிராமபோன் கம்பெனி நடத்திய தொழிற்சாலையில், பல மொழிப் பாட்டுகளோடு தமிழ்ப் பாட்டுகளும் தட்டுகளாகி வெளிவந்தன. நம்முள் பலர்க்கு முன்பே நம் பாட்டு வங்காளத்திற்குச் சென்று திரும்பியது என்று சொல்லலாம்.

மூன்று நிமிடத்தினும் நெடியது, மூன்று மணி நேரக் கச்சேரியினும் குறுகியது நீண்ட நேர இசைத்தட்டு. ஆதலின் அதற்கென ஓர் இலக்கணம் அமைந்தது. நாம் ஒரு தட்டை மதிப்பிடுகையில் மூன்று வினாக்களை எழுப்புகிறோம். முதலாவது, பக்கத்திற்கு இருபது நிமிடம் என்னும் அளவு அவ்விசைக்குத் தடையாயிற்றா, உருவம் தந்ததா? இரண்டாவது, அதிற் கூடியவர் ஒவ்வொருவரும் தத்தம் வழக்கை இழவாமலே பிறர்க்கு இடம் அளித்தனரா? மூன்றாவது, பலமுறை கேட்ட பின்னும் அது புதியதாய்த் தோன்றுகின்றதா? இனி, நான்கு தட்டுகளையும் ஒவ்வொன்றாகக் காண்போம். முதலிடம் பெறுவதை இறுதியில் வைத்துள்ளோம்.

முதலாவது, ‘வெஸ்ட் மீட்ஸ் ஈஸ்ட்’, அதாவது மேற்கும் கிழக்கும் சந்திக்கும் இசை. பண்டிட் ரவிசங்கரின் சிதாரும் மெனுஹினின் வயலினும் உஸ்தாத் அல்லா ரக்காவின் தபலாவும் இதில் ஒலிக்கின்றன. மெனுஹின் 1952-ல் நேருவின் அழைப்பை ஏற்று இந்தியா வந்தவர். அன்று முதல் நம் இசையில் ஈடுபாடு கொண்டவர். 1966-ல் இங்கிலாந்தின் பாத் நகர இசை விழாவில் அவரும் ரவிசங்கரும் சேர்ந்து வாசித்தனர். அதன் பயனாக விளைந்ததே இத்தட்டு. குணகலி இராகத்தை அடியொற்றிய ‘பிரபாதி’யை மெனுஹினின் வயலின் வாசிக்கின்றது, பூரியா கல்யாண் இராகத்தை ரவிசங்கர் சிதாரில் விரிக்கின்றார், திலங் இராகத்தை அடியொற்றிய ‘ஸ்வர காகலி’யில் இரு மேதைகளும் இணைகின்றனர். இவற்றோடு, மெனுஹினின் ஆசிரியராகிய ஜார்ஜ் எனெஸ்கு இயற்றிய மூன்றாம் வயலின் சொனாட்டாவும் உண்டு. ருமேனிய நாட்டுப்புற இசையின் சாயல் படிந்த அதனை, மெனுஹின் தம் சகோதரி ஹெப்ஸிபாவின் பியானோவோடு வாசிக்கின்றார்.

இத்தட்டின் சிறப்பு அதன் நேர்மை. மெனுஹின் தாம் இந்திய வித்வான் ஆகிவிட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. தமக்கென வகுத்துத் தரப்பெற்ற சுரங்களை, நல்ல மாணவர் பாடம் ஒப்புவிப்பது போல் மிகுந்த பணிவோடு வாசிக்கின்றார். ரவிசங்கரோ கற்பனை செய்து செல்கின்றார். ஒருவர் படித்துச் சொல்ல, மற்றவர் நினைந்து பேசுகின்றார்; இவ்வேறுபாடு செவிக்குத் தெரியவே செய்கின்றது. 1968-ல் இத்தட்டுக்குக் கிராமி விருது, சிலரே கூடி வாசிக்கும் இசைக்குரிய பிரிவில், கிடைத்தது.

இங்கு நாம் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மேற்கின் வயலின் நம் இசையைச் சந்தித்தது இது முதல் முறையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்திலேயே, முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாராகிய பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரின் வயலினைக் கற்று, அதனைக் கருநாடக இசைக்கு உரியதாக்கினார். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவும் அக்கருவியிற் சிறந்து விளங்கினார். ஐரோப்பியர் நின்று, தோளிற் சார்த்தி வாசித்ததை நம்மவர் தரையில் அமர்ந்து, அதன் தலைப்பகுதியைக் காலில் ஊன்றி வாசித்தனர். நம் கமகங்கள் அதிலே பேசலாயின. வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரியை இன்று நாம் எண்ணிப் பார்ப்பதும் அரிது. வந்த கருவியால் நம் இசை அழிந்ததா, வளர்ந்ததா என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இரண்டாவது, இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் 1967 ஜூன் தொடக்கத்தில் வெளியிட்ட ‘ஸார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பாண்ட்’. மெல்லிசைத் தட்டு என்பது தனித்தனிப் பாட்டுகளின் தொகுப்பு என்னும் வழக்கை மாற்றி, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே நிகழ்ச்சியாகக் கேட்கத் தக்கதாக அதனை அமைத்தனர். பாட்டுகளின் சொற்கள் முழுவதும் உறையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருந்தன. அத்தட்டின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பியதும் முதலில் ஒலிப்பது ‘விதின் யூ வித்தவுட் யூ’ என்னும் பாட்டு. அதனை இயற்றிப் பாடிய ஜார்ஜ் ஹாரிஸன், அதற்கு முந்திய ஆண்டு இந்தியா வந்து ரவிசங்கரிடம் சிதார் பயின்றவர். தில்ரூபா, தபலா, தம்பூரா, சுவரமண்டலம் ஆகியவற்றை லண்டனில் வாழ்ந்த இந்திய இசைக் கலைஞர்கள் வாசிக்க, மேனாட்டு வயலின்களும் உடன் ஒலிக்கின்றன. குழுவின் மற்ற மூவரும் இப்பாட்டில் வாசிக்கவில்லை.

இப்பாட்டை இராக விரிவென்று கொள்ளுதல் பொருந்தாது. ஹாரிஸனே அவ்வாறு கருதியதில்லை. தாம் ஒரு மாணவரே என்னும் அடக்கம் அவர்க்கு இருந்தது. ஆனால் புகழின் உச்சியில் நின்ற இளைஞர் ஒருவர், இலட்சக்கணக்கானோர் வாங்கும் தட்டின் நடுவே ஐந்து நிமிடம் தம்பூராவின் சுருதியை நிறுத்தி வைத்தார் என்பது சிறிய செயலன்று. வாயிலில் நின்று கதவைத் தட்டும் விருந்தினரின் மரியாதை அதில் உண்டு. அந்த மரியாதைக்காகவே இதனை நம் வரிசையில் சேர்த்தோம். நான்காம் இடம் இதற்கு உரியது.

மூன்றாவது, அவ்வாண்டு ஜூன் 18-ஆம் நாள் கலிபோர்னியாவின் மான்டரே நகரில் நடந்த இசை விழாவிற் பதிவானது. விழாவோ மேனாட்டு இளைஞரின் மெல்லிசை விழா. மின்சாரக் கித்தார்களின் முழக்கமே அங்குப் பெரிதும் ஒலித்தது. அத்தகைய இடத்தில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முழுவதையும் தமக்கெனப் பெற்று, ரவிசங்கரும் அல்லா ரக்காவும் மேடையேறினர். தம்பூரா மீட்டியவர் கமலா சக்கரவர்த்தி. அன்றைய நெடுங்கச்சேரியிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளே தட்டாயின. பிற்பகலுக்குரிய பீம்பலாஸி இராகம் ஒரு பக்கம். மறுபக்கத்தில், பன்னிரண்டு மாத்திரை கொண்ட ஏக்தாளத்தில் அல்லா ரக்காவின் தனித் தபலாவும், இறுதியில் ஒரு துன்னும் இடம்பெற்றன. துன் என்பது நாட்டுப்புற மெட்டுகளைத் தழுவிய மெல்லிய வகை.

கேட்போர் எத்தகையவர் என்று எண்ணி ரவிசங்கர் தம் இசையைச் சுருக்கிக்கொள்ளவில்லை என்பதே இத்தட்டின் பெருமை. ஆலாபனைக்கு உரிய நேரம் ஆலாபனைக்கே கிடைத்தது. அறியாதவர்தாமே என்று அவசரப்படுத்தவும் இல்லை, வித்தைகளை முன்னே கொட்டி மயக்கவும் இல்லை. அவையோர் பொறுமையோடு கேட்டு, இறுதியிற் பெருமுழக்கமாய் ஆரவாரித்தனர். 1968-ல் வெளிவந்த அவ்விழாவின் திரைப்படமும் இக்கச்சேரியோடுதான் முடிகின்றது. இதற்கு ஒரு விலையும் இருந்தது. போதைப் பொருள்களோடு தம் இசையைச் சேர்த்து நினைக்கும் வழக்கம் அந்நாட்டு இளைஞரிடையே பரவியது கண்டு ரவிசங்கர் பெரிதும் வருந்தினார். அதனை வெளிப்படையாகக் கண்டித்தும் பேசினார். புகழ் வந்த வழியே பிழையான புரிதலும் வந்தது. அதனைத் திருத்தும் பொறுப்பையும் அவரே ஏற்றார். இரண்டாம் இடத்தை இத்தட்டுக்கு அளிக்கின்றோம். மெனுஹினோடு அவர் சேர்ந்த தட்டு மூன்றாவது.

முதலிடம் பெறுவது ‘கால் ஆஃப் தி வேலி’, பள்ளத்தாக்கின் அழைப்பு. ஹெச்.எம்.வி.யின் ஜி. என். ஜோஷி திட்டமிட்டு வெளியிட்ட இத்தட்டில் மூன்று இளைஞர் கூடினர். சந்தூர் வாசித்த சிவகுமார் சர்மா ஜம்முவில் பிறந்தவர். புல்லாங்குழல் வாசித்த ஹரிபிரசாத் சௌரசியா அலகாபாத்தில் பிறந்து, 1957-ல் கட்டாக் வானொலி நிலையத்திற் பணியில் அமர்ந்தவர். கித்தார் வாசித்த பிரிஜ் பூஷண் காப்ரா ஜோத்பூரைச் சேர்ந்தவர். தபலா வாசித்தவர் மாணிக்ராவ் போபட்கர். மூவரும் அப்போது முப்பது வயதை ஒட்டியவர்கள். மூவரின் கருவிகளும் சாஸ்திரிய மேடையில் புதுக்குடிகள்.

அவற்றின் இயல்பை நோக்குவோம். சந்தூர் காஷ்மீரத்துக் கருவி. ஏறக்குறைய நூறு தந்திகளை உடையது. சிறு மரக்கோல்களால் தட்டி வாசிப்பது. அங்கே சூஃபி இசைக்குத் துணையாயிருந்த அதனை, சர்மா சுருதி முறையிலும் வாசிப்பு முறையிலும் திருத்தி, இராக இசைக்கு ஏற்றதாக்கினார். தட்டி எழுப்பும் ஒலியாதலின், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வது அதற்கு அரிது. மழைத்துளிபோல் ஒலிகள் தனித்தனியே விழும். கித்தாரோ மேனாட்டிலிருந்து வந்தது. காப்ரா அதனைப் படுக்கவைத்து, தந்திகளின்மேல் உலோகத் துண்டை வழுக்கி வாசித்தார்; நம் கோட்டு வாத்தியத்தை அறிந்தவர்க்கு இம்முறை உடனே விளங்கும். குழல், மூச்சின் வழி நீளும் குரல். ஒன்றனால் இயலாததை மற்றொன்று நிறைவு செய்ய, மூன்றும் ஒன்றையொன்று வேண்டி நிற்கின்றன. ஒருவர் வாசிக்கையில் மற்ற இருவர் காட்டும் பொறுமையை இத்தட்டில் எங்கும் கேட்கலாம்.

காஷ்மீரப் பள்ளத்தாக்கில் ஆடு மேய்ப்பவன் ஒருவனுடைய ஒரு நாள் வாழ்வே இத்தட்டின் பொருள். இந்துஸ்தானி மரபில் இராகங்களுக்கு நேரம் வகுத்துள்ளனர். அவ்வகுப்பையே கதையின் நூலாகக் கொண்டனர். விடியலில் அஹிர் பைரவ், காலையில் நட் பைரவ், பின்னர் பீலு, அந்தி சாய்ந்தபின் பூப், இரவில் தேஸ், முடிவில் மலைநாட்டு மணம் கமழும் பஹாடி என்று இராகங்கள் மாறி வர, சொல் ஒன்றும் இன்றியே ஒரு நாள் கழிகின்றது. முழு நாளை நாற்பது நிமிடத்தில் காட்ட வேண்டுமெனின், ஒவ்வோர் இராகமும் தன் சாரத்தை மட்டும் தந்து விலக வேண்டும். மேடைக் கச்சேரியில் இத்தகைய அமைப்புக்கு இடமில்லை. தட்டின் குறுகிய அளவே இங்கு அதன் வடிவமாயிற்று. நாம் வகுத்த மூன்று வினாக்களுக்கும் குறையில்லாத விடை தருவது இத்தட்டே.

காஷ்மீரத்தின் இசையை உலகறியச் செய்த இம்மூவருள் எவரும் தம் பிறந்த ஊரிலேயே தங்கிவிட்டவர் அல்லர் என்பதும் கருதத்தக்கது. சந்தூர் ஜம்முவை நினைத்து அழுதுகொண்டிருக்கவில்லை. குழல் தன் ஊர் வழக்கை மறந்துவிடவும் இல்லை. தத்தம் மொழியை ஐயமறக் கற்றவராதலின், புதிய அயலாரோடு பேசுவதில் அவர்கட்கு அச்சம் இருக்கவில்லை. நம் குழந்தைகளைப் பற்றிய கவலைக்கும் விடை இதுவே. நம் இசையைச் செம்மையாகக் கற்பித்தல் வேண்டும்; அதன்பின் அடுத்த வீட்டு இசைக்குச் செவிகளைத் திறந்துவிடலாம். முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதை மட்டும் தடுப்பதால் பயன் ஒன்றும் இல்லை.

நான்கு தட்டுகளுள் கருநாடக இசைத்தட்டு ஒன்றேனும் இல்லையே என்று அன்பர்கள் வினவலாம். 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் திருமதி எம். எஸ். சுப்புலட்சுமி பாடியதை நாம் மறந்தோமல்லோம். அவர் போன்றோரின் தட்டுகள் உங்கள் இல்லங்களில் முன்பே வீற்றிருக்கின்றன. நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இங்கு நாம் தேடியது, வேற்றார் கூடும் இடத்தில் இசைக்கு என்ன நேர்கின்றது என்பதையே.

அத்தகைய கூட்டம் தமிழர்க்குப் புதியதுமன்று. 1952-ல் டில்லி வானொலியில் வாத்திய விருந்தம் அமைந்தபோது, அதனை நடத்தியவர்கள் ரவிசங்கரும் நம் டி. கே. ஜெயராமய்யரும் ஆவர். அவ்வாண்டிலேயே வானொலியின் தேசிய இசை நிகழ்ச்சியும் தொடங்கி, இந்துஸ்தானி, கருநாடக இசை இரண்டையும் நாடு முழுதும் ஒருங்கே கேட்கச் செய்தது. கீரவாணி, சாருகேசி முதலிய நம் இராகங்களைச் சிதாரில் வாசித்து வடக்கே பரவச் செய்தவர்களுள் ரவிசங்கர் முதன்மையானவர். கொடுக்கல் வாங்கல் இருபுறமும் நடந்திருக்கின்றது.

வடநாட்டு இசை புரியாதே என்று தயங்க வேண்டுவதில்லை. நம் இராக அறிவே போதிய திறவுகோல். அஹிர் பைரவின் சுரங்கள் நம் சக்கரவாகத்தின் சுரங்களே. நட் பைரவின் சுரங்கள் சரசாங்கியின் சுரங்கள். பூப் நம் மோகனத்தோடும், பீம்பலாஸி ஆபேரியோடும், பூரியா கல்யாண் பூர்விகல்யாணியோடும் நெருங்கிய உறவுடையவை. தேஸும் திலங்கும் கிட்டத்தட்ட அதே பெயரோடு நம் மேடையிலும் உலவுகின்றன. உறவு தெரிந்தபின் வேறுபாட்டைக் கேட்டறிவது இன்னும் சுவையானது. நாம் அசைத்து நிறுத்தும் சுரத்தை அவர்கள் அசையாமல் நிறுத்துவர். நாம் விரைந்து கடக்கும் இடத்தில் அவர்கள் நெடுநேரம் தங்குவர்.

இன்று தட்டைச் சுழற்றும் பெட்டி எல்லா இல்லங்களிலும் இல்லை. ஒலி நாடாவும் குறுந்தகடும் வந்து போய், கைப்பேசியில் எல்லா இசையும் கிடைக்கும் காலம் இது. இந்நான்கையும் எளிதிற் கேட்கலாம். ஆனால் ஒரு வேண்டுகோள். பாட்டைப் பாதியில் தாவாமல், தட்டில் அமைந்த வரிசையிலேயே ஒரு பக்கம் முழுவதும் கேளுங்கள். குழந்தைகளை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். பூப் ஒலிக்கும்போது, இது நமக்குத் தெரிந்த எந்த இராகம் என்று அவர்களைக் கேளுங்கள். மோகனம் என்று விடை வருமாயின், அவர்கள் நம் இசையையும் மறக்கவில்லை, அயலார் இசையையும் அஞ்சவில்லை என்று மகிழலாம். விடை வரவில்லையாயின், அன்று மாலையே மோகனத்தைக் கற்பிக்கத் தொடங்குங்கள்.